தண்ணீர் போன இடம்

அவருடைய பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எந்த விஷயத்துக்கும் கடைசியில் ஒரு ஆளின் பெயர் வந்து நிற்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். அப்படி ஒரு பெயர் நாலு பேர் வாயில் விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அவர் பக்கத்தில் இருந்துதான் பார்த்தேன். அதனால் அவர் பெயராவது என்னோடு இருக்கட்டும்.

சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு காலனியில் அவர் வீடு. கீழே அவரும் அவர் மனைவியும். மாடி போர்ஷனில் வாடகைக்கு நாங்கள்: நான், என் கணவர், மகள். அவரை சார் என்போம், அவர் மனைவியை ஆன்ட்டி. அவர்களுடைய ஒரே மகன் வெளிநாட்டில் இருந்தான். சார் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில், வருகிற சாமானையும் போகிற சாமானையும் பார்த்துக்கொள்கிற வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லியாக, உயரமாக இருப்பார். பகலிலும் சட்டைப் பையில் ஒரு சின்ன டார்ச் செருகியிருக்கும்.

ஏதாவது கெட்டாலோ உடைந்தாலோ நாமெல்லாம் "என்ன ஆச்சு?" என்று கேட்போம். அவர் "யாரு பண்ணது?" என்பார். கோபமாகக் கேட்க மாட்டார், அதுதான் கஷ்டம். மணி என்ன என்று விசாரிப்பது போலச் சாதாரணமாகக் கேட்பார். பதில் வரும்வரை அந்த இடத்தைவிட்டு நகர மாட்டார்.

மழைக்காலத்தில் ஒருநாள் பெருங்காற்றில் முருங்கைக் கிளை முறிந்து எங்கள் படிக்கட்டில் விழுந்தது. காலனியில் பாதி மரங்கள் அன்றைக்குச் சாய்ந்திருந்தன. இவர் குடையைப் பிடித்துக்கொண்டு முறிந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தார். "காத்து அடிச்சுது, சரி. ஆனா யாரோ முன்னாடியே இதைப் புடிச்சுத் தொங்கியிருக்காங்க. போன வாரம் காய் பறிக்க வந்தது யாரு?" பால் திரிந்தால் பாக்கெட் போடுகிற அம்மாவை நிறுத்தி விசாரணை. மாடித் தொட்டி வழிந்தால் மோட்டார் போட்டவர் யார், அணைக்க மறந்தவர் யார் என்று மாடிப்படி ஏறி வந்துவிடுவார். என் மகள் அவர் செருப்புச் சத்தம் கேட்டாலே, "அம்மா, நான் இல்ல," என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

அவரிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது. மகன் பள்ளிக்கூடத்தில் படித்த காலத்தில் வாங்கியது. ஒருமுறை ஆன்ட்டியை அழைத்துக்கொண்டு குன்றத்தூர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது, அனகாபுத்தூர் தாண்டி அது கொதித்துவிட்டது. முன்பக்கத்திலிருந்து ஆவி. ஆன்ட்டி நிறுத்தச் சொல்லியும் அவர் நிறுத்தவில்லையாம். பிறகு ஒரு கடையோரம் நிறுத்தி, குடிக்க வாங்கிய குளிர்ந்த தண்ணீரை அப்படியே உள்ளே ஊற்றிவிட்டு, சூடு காட்டுகிற முள் சிவப்பில் கிடக்கக் கிடக்க வீடுவரை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். இறங்கியதும் எங்களிடம் சொன்னார், "பெட்ரோல் பங்க்ல ஒரு ஆளு பானெட்டைத் திறந்து பாத்தான். அவன்தான் எதையோ இழுத்து விட்டுட்டான்." மறுநாள் கழன்றிருந்த ஒரு குழாயை மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார். சார் அந்த பங்க்குக்கே போய் அந்த ஆளோடு சண்டையும் போட்டுவிட்டு வந்தார். நாங்கள் மாடியில் உட்கார்ந்து சிரித்தோம்.

ஆனால் அவருடைய அந்தக் கேள்வியை முழுக்கச் சிரித்துத் தள்ள என்னால் முடியாது. என் கணவர் பைக்கில் வரும்போது ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். போலீஸில் சொன்னோம், சொந்தக்காரர்களிடம் சொன்னோம், எல்லாரும் "உயிர் தப்பிச்சுதே, விடுங்க," என்றார்கள். சார் மட்டும்தான் விடவில்லை. இடித்த இடத்தில் சிதறிக் கிடந்த ஆரஞ்சு நிறக் கண்ணாடித் துண்டைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டார். கடை கடையாக ஏறி, கேமரா இருக்கிறதா என்று கேட்டார். வெயிலில் மாடம்பாக்கம் வரைக்கும் வேன் நிற்கிற ஷெட்களைப் பார்த்துக்கொண்டே போய், ஒருநாள் அந்த ஆளைக் கண்டுபிடித்து ஆஸ்பத்திரிக்கே கூட்டி வந்துவிட்டார்.

"நீயே சொல்லு," என்றார்.

அந்த ஆள் கட்டிலின் கால்மாட்டில் நின்று, "நான்தான் சார் இடிச்சேன். பயந்துட்டேன்," என்றான். என் கணவர் அதுவரை தூக்கத்தில் அலறிக்கொண்டிருந்தவர். அன்றைக்குப் பிறகு அலறவில்லை. ஏன் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. "மூஞ்சி தெரிஞ்சிடுச்சில்ல," என்பார்.

அந்த நன்றியில் நான் ஒருநாள் ஆன்ட்டியிடம், சார் மாதிரி வராது என்று சொன்னேன். ஆன்ட்டி சிரிக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டே ஒரு விஷயம் சொன்னார். கல்யாணமான புதிதில் ஸ்டோர்ஸிலிருந்து செம்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போயின. சாவி சாரிடம் இருந்தது. சஸ்பெண்ட் செய்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எடுத்தார் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் தெருவில் யாரும் அவரோடு பேசவும் இல்லை. பல மாதங்கள் கழித்து வேறொரு ஆள் பிடிபட்டான். "அன்னிலருந்துதாம்மா இவருக்கு இது. ஆள் யாருன்னு தெரியலன்னா அது தன் மேலதான் வந்து விழும்னு ஒரு பயம். சொல்ல மாட்டாரு. ஆனா தூங்கும்போது பல்லைக் கடிப்பாரு."

பிறகு ஆன்ட்டிக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், வாரம் மூன்று நாள் குரோம்பேட்டைப் பக்கம் டயாலிசிஸுக்குப் போக வேண்டி வந்தது. சாருக்கு அப்போது கண்ணில் புரை, முட்டியும் வலி. வண்டி நம்முடையது, ஓட்ட மட்டும் ஆள் வருவதை இங்கே ஆக்டிங் டிரைவர் என்பார்கள். அப்படி வந்தவர்தான் சேகர். குன்றத்தூரிலிருந்து பைக்கில் வருவார். காலனியில் இன்னும் சில வீடுகளுக்கும் அவர்தான் ஓட்டினார்.

சேகர் வந்தபிறகு ஆன்ட்டி டயாலிசிஸ் நாளுக்குப் பயப்படுவதை நிறுத்தினார். காரிலிருந்து இறக்கும்போது அவசரப்படுத்த மாட்டார். "மெதுவா வாம்மா. அந்த மெஷினு எங்கியும் ஓடிப் போவாது," என்பார். ஆன்ட்டி அவர் தோளில் கை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி இறங்குவதை சார் ஒருநாள் போனில் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினார். அம்மா நன்றாக இருக்கிறாள் என்று காட்டுவதற்காக.

வண்டி சூடாவதை முதலில் வந்து சொன்னதே சேகர்தான்.

"சார், சானடோரியம் சிக்னல்ல நிக்கும்போது முள்ளு ஏறுது. தண்ணி கொறையுது. ஆனா லீக் எங்கியும் தெரியல. இன்னான்னு பாத்துடணும் சார்."

சார் பார்த்தார், அவருக்குத் தெரிந்த வழியில். இரவு முழுக்க காருக்கு அடியில் அட்டையை விரித்து வைத்தார். காலையில் அட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இன்ஜினைக் குளிர வைக்கிற கூலன்ட் தண்ணீர் நிற்கும் பாட்டிலின் மேல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டார். வண்டி நிற்கும் நாளில் கோடு அப்படியே இருந்தது. சேகர் ஓட்டிவிட்டு வந்த நாளில் தண்ணீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தது. வேறு யாரும் ஓட்டவில்லை. ஸ்டோர்ஸில் இருபது முப்பது வருஷம் இருந்த மனிதருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

மேற்குத் தாம்பரத்தில் வழக்கமாக விடுகிற மெக்கானிக் ரேடியேட்டர் மூடியை மாற்றினார். ஃபேன் சரியாகச் சுற்றுகிறதா என்று பார்த்தார். தெர்மோஸ்டாட் வால்வை மாற்றினார். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பு எடுத்துப் போட்டார். அப்புறமும் முள் ஏறியது. "சார், இன்ஜினுக்கு நடுவுல தண்ணி உள்ள போகாம அடைச்சிருக்கற ஹெட் கேஸ்கட் போயிருக்கும்னு தோணுது. இன்ஜின் மேல்பாகத்தை இறக்கிப் பாத்தாதான் தெரியும்," என்றார்.

சார் அதை விட்டுவிட்டு, "உனக்கு சேகரைத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் சார். நம்ம சேகர்தானே."

அந்த 'நம்ம' போதுமானதாக இருந்தது. இரண்டு பேரும் கூட்டு என்று வீட்டுக்கு வந்து சொன்னார்.

மறுநாள் காலை கார் ஷெட்டில் வைத்து சேகரைக் கேட்டார். நான் பள்ளி அலுவலக வேலைக்குக் கிளம்பிப் படியிறங்கிக்கொண்டிருந்தேன். ஆன்ட்டி காருக்குள் உட்கார்ந்திருந்தார்.

"தண்ணி எங்க போகுது சேகர்?"

"அதான் சார் எனக்கும் புரியல."

"கீழ ஒழுகல. நிக்கற வண்டில குறையல. நீ ஓட்டினா மட்டும் குறையுது. எங்க போச்சு? ஆவியாயிடுச்சா?"

"தண்ணிய எடுத்து நான் இன்னா சார் பண்ணப் போறேன்?"

"தண்ணியை நீ எடுக்கல. நாங்க உள்ள இருக்கற நாலு மணி நேரத்துல வண்டியை வெளியே ஓட்டற. அடிச்சு ஓட்டி சூடாக்கிட்டுக் கொண்டு வந்து நிறுத்தற."

"கிலோமீட்டரப் பாருங்க சார். சரியா கீதா இல்லியா?"

"மீட்டர் கேபிளைக் கழட்டிட்டு ஓட்டினா கிலோமீட்டர் ஏறாது. எனக்குத் தெரியாதா?"

நான் நடுவில் புகுந்து, "சார், மெக்கானிக் சொன்னதை வேற ஒரு இடத்துலயும் காட்டிடலாமே," என்றேன். "காட்டலாம்மா. முதல்ல ஆளை மாத்துவோம். தண்ணி குறையறது நின்னா தெரிஞ்சிடப் போகுது," என்றார். கேட்பதற்கு நியாயமான சோதனை போலத்தான் இருந்தது.

சேகர் சாவியை பானெட் மேல் வைத்தார். ஆன்ட்டி கண்ணாடியை இறக்கி, "சேகர், நீ போகாதப்பா," என்றார். "வர்றேம்மா. ஒடம்ப பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு அவர் பைக்கை எடுத்தார்.

அதோடு முடிந்திருக்கலாம். அன்று மத்தியானம் காலனி வாட்ஸ்அப் குரூப்பில் சார் ஒரு செய்தி போட்டார். இந்த டிரைவரை நம்பி வண்டி கொடுக்காதீர்கள், எச்சரிக்கை. கூடவே சேகரின் படம். மகனுக்கு அனுப்பிய அதே படத்தை வெட்டி, சேகர் மட்டும் தெரிகிற மாதிரி போட்டிருந்தார். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் என் அக்காவுக்கு அது சாயங்காலமே வேறு யாரோ மூலம் வந்து சேர்ந்துவிட்டது. ஜாக்கிரதை என்று எனக்கே திருப்பி அனுப்பினாள்.

அடுத்து வந்த டிரைவர்கள் நிலைக்கவில்லை. ஒருவர் முதல் நாளே முள்ளைப் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டார். பள்ளிக் கோடை விடுமுறையில் ஒரு காலை சாரே ஓட்டுவதாகச் சொன்னார். அவர் கண்ணை நினைத்துப் பயந்து நானும் கூட ஏறிக்கொண்டேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறிச் சிறிது தூரம் போவதற்குள் முள் மேலே போய் ஒட்டிக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் பின்னால் வெள்ளைப் புகை. பின்னால் வந்த பஸ்ஸே தெரியவில்லை. காருக்குள் வெல்லப்பாகு காய்ச்சுவது போல ஒரு இனிப்பு வாடை. அப்புறம் ஒரு உதறு உதறி வண்டி நின்றுவிட்டது. லாரியும் பஸ்ஸும் இரண்டு பக்கமும் ஹாரன் அடித்துக்கொண்டு போக, நானும் சாரும் ஆன்ட்டியை இறக்கி ஆட்டோவில் ஏற்றினோம். ஆன்ட்டி சாரைப் பார்த்து ஒரு வார்த்தைதான் சொன்னார். "இன்னிக்கு சேகர் ஓட்டல."

சேகரையே தெரியாத ஒரு மெக்கானிக் வேண்டும் என்று சார் தேடிப் பிடித்தது வண்டலூரில். வண்டியை அங்கே இழுத்துப் போனார்கள். ஆன்ட்டி என்னைக் கூடப் போகச் சொன்னார். "அவர் வந்து என்ன சொல்வாரோ. நீ பாத்துட்டு வந்து சொல்லு."

அந்த மெக்கானிக் இன்ஜின் ஆறும்வரை தொடவே இல்லை. ஆறினபிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து, மேலே விளிம்புவரை தண்ணீர் ஊற்றி, மூடாமல் வண்டியை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். தண்ணீருக்குள்ளிருந்து குமிழ் குமிழாக வரத் தொடங்கியது, உலைத் தண்ணீர் கொதிப்பது போல. ஆனால் தண்ணீர் இன்னும் சூடாகவே இல்லை.

"இது இன்ஜின் உள்ளருந்து வர்ற காத்து சார். இங்க வரவே கூடாது," என்றார். பிறகு ஆயில் ஊற்றுகிற இடத்தின் மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்பக்கம் டீயில் படிகிற ஆடை மாதிரி பழுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருந்தது. "கேஸ்கட் போயி ஆயில்ல தண்ணி கலந்துகினு கீது. உங்க தண்ணி கீழ போவல சார், யாரும் எடுக்கவும் இல்ல. உள்ள போய் நெருப்புல எரிஞ்சி புகையா போயிகினு கீது. ஓடும்போதுதான் போவும். நின்னா போவாது. அதான் கீழ ஈரமே இருக்காது."

சார் அந்த மூடியை வாங்கி டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு அவருடைய கேள்வியைக் கேட்டார்.

"யாரு பண்ணது?"

"யாரும் பண்ணல சார். பழசாச்சுல்ல."

"இல்ல. காரணம் இல்லாம போகாது."

மெக்கானிக் யோசித்தார். "எப்பவோ ஒரு தபா நல்லா கொதிக்க வுட்டு நிறுத்தாம ஓட்டியிருப்பாங்க. இல்லாங்காட்டி கொதிக்கும்போது பச்சத் தண்ணிய ஊத்தியிருப்பாங்க. அதுல மேல் பாகம் லேசா வளஞ்சிருக்கும். அன்னிக்கி ஒண்ணும் தெரியாது. மெள்ள மெள்ளதான் வேலயக் காட்டும். அப்ப யாரு ஓட்டினதுன்னு உங்களுக்குத்தான் தெரியும்."

எனக்கு அனகாபுத்தூர் உடனே ஞாபகம் வந்தது. அவருக்கும் வந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. சேகர் என்ற ஒரு ஆள் அந்த வீட்டுக்கு வருவதற்கு எவ்வளவோ முன்னால். அவர் அங்கே கிடந்த பழைய டயர்மேல் உட்கார்ந்துவிட்டார். மெக்கானிக் தண்ணீர் கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

அன்றைக்கே குரூப்பில் எழுதினார். கார் பழுதுக்கு நானே காரணம், சேகர் மீது நான் சொன்னது தவறு, அவர் நல்ல மனிதர். அதற்குக் கீழே இரண்டு மூன்று பேர் கும்பிடு போட்டார்கள். அதற்கும் கீழே யாரோ கார்ப்பரேஷன் குடிநீர் எப்போது வரும் என்று கேட்டிருந்தார்கள். முதல் செய்தி போன இடங்களுக்கெல்லாம் இது போகவில்லை. ராஜகீழ்ப்பாக்கத்துக்குக்கூடப் போகவில்லை.

குன்றத்தூருக்கு அவர் தனியாகப் போகத் தயங்கினார். என் கணவரும் நானும் ஆட்டோவில் கூடப் போனோம். மலைக்குப் பின்பக்கம் ஒரு சந்தில் சேகரின் வீடு. அவர் மனைவி கதவைத் திறந்து, சாரைப் பார்த்ததும் அடையாளம் தெரியாமல், "இன்னா சார், யாரு வேணும்?" என்றார். சேகர் உள்ளிருந்து வந்தார். இப்போது வெளியூருக்கு லாரி ஓட்டுவதாகவும், அதிசயமாக அன்றைக்கு வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். உட்காரச் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"கேஸ்கட்டுதானா சார். சரி."

"நீ திரும்ப வரணும் சேகர். நான் ஒவ்வொரு வீடா வந்து சொல்றேன்."

"வோணாம் சார்."

"தப்பு என்னோடதுதான்."

சேகர் போனை எடுத்து ஏதோ தேடினார். அந்தப் படத்தைக் காட்டினார். அவருடைய மச்சான் மூலமாக வந்ததாம். "இத்த பாருங்க சார். அம்மாவ வெட்டிட்டீங்க. ஆனா அம்மா கைய வெட்டாம வுட்டுட்டீங்க. என் தோள் மேல கீது பாருங்க." கோபமாகச் சொல்லவில்லை. "நான் இன்னா பண்ணேன்னு கூட என் பொண்டாட்டி கேக்கல சார். இது யாரு கைன்னு கேட்டா."

சார் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி எப்படி இருக்கிறார் என்று சேகர்தான் கேட்டார். வாசல்வரை வந்து எங்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் "யாரு பண்ணது?" என்ற கேள்வி நின்றுபோனது. காரை அவர் பழுது பார்க்கவில்லை. வண்டலூரிலேயே விலைக்குக் கொடுத்துவிட்டார். ஒருநாள் என் மகள் மோட்டாரை அணைக்க மறந்துவிட்டாள். தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் தண்ணீர். நாங்கள் பயந்துகொண்டே கீழே எட்டிப் பார்த்தோம். அவர் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தார். "நான்தான் மறந்துட்டேன்," என்றார். "இல்ல தாத்தா, நான்," என்று மகள் சொல்லியும் கேட்கவில்லை. "நான்தான்மா. எனக்கு ஞாபகம் இருக்கு." அவள் அழுதுவிட்டாள். திட்டு வாங்கியிருந்தால் அழுதிருக்க மாட்டாள்.

பால் திரிந்தால் அவர். கரண்ட் பில் கட்ட மறந்துபோனால் அவர். பக்கத்து வீட்டு நாய் செருப்பைக் கடித்தால், வெளியே விட்டது அவர் தப்பு. ஆன்ட்டி என்னிடம் சொன்னார், "பழைய மாதிரி கேட்டாக்கூடத் தேவலம்மா. அப்ப சண்டையாவது போடலாம். இப்ப எதைச் சொன்னாலும் எடுத்துத் தன் மேல போட்டுக்கறார். பக்கத்துல போகவே பயமா இருக்கு."

நாங்கள் அந்த வீட்டைக் காலி செய்வதற்குக் கொஞ்ச நாள் முன்பு, டயாலிசிஸ் முடிந்து எழுந்தபோது ஆன்ட்டி கீழே விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு. அதன் பிறகு அவர் நடக்கவில்லை. செய்தி கேட்டு நாங்கள் போனபோது ஸ்ட்ரெச்சரில் எக்ஸ்ரேவுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சார். எதிரே அந்த சென்டரின் சூப்பர்வைசர், கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒரு இளைஞர்.

"பேஷன்டே தானா எழுந்திருச்சிட்டாங்க சார்," என்றார் அவர்.

"நான் தானா எழுந்திரிக்கல," என்றார் ஆன்ட்டி. "முடிஞ்சுது, எழுந்திரிங்கன்னு சொன்னாங்க. கட்டில் கம்பியை இறக்கி விட்டாங்க. எனக்குத் தலை சுத்துச்சு. கையைப் புடிக்க யாருமே இல்ல."

நான் சாரைப் பார்த்தேன். என் கணவரும் பார்த்தார். கண்ணாடித் துண்டைப் பொறுக்கிக்கொண்டு வெயிலில் அலைந்த மனிதர் இப்போது கேட்கப் போகிறார் என்று இரண்டு பேருமே எதிர்பார்த்தோம்.

"நான்தான்," என்றார் அவர். "நான் கூட இருந்திருக்கணும். டீ குடிக்கக் கீழ போயிட்டேன்."

சூப்பர்வைசரின் தோள்கள் இறங்கின. "ஆமா சார். பேஷன்டோட வர்ற அட்டெண்டர் கூடவே இருக்கணும்னு நாங்க சொல்லித்தான் இருக்கோம்," என்று சொல்லிவிட்டு அவர் நகர்ந்தார்.

ஆன்ட்டி கையை நீட்டி சாரின் சட்டையைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கை.

"இதையும் நீங்க எடுத்துக்காதீங்க. ஊர்ல இருக்கறவங்களை எல்லாம் கேட்டீங்களே. எனக்காக ஒரே ஒரு தடவை கேளுங்க. யாருன்னு கேளுங்க."

"கேட்டா உடனே ஒரு பேர் சொல்லிடுவாங்க," என்றார் சார். "அது சரியான பேருன்னு நான் எப்படி நம்பறது?"

"அதுக்காக எனக்கு வலிக்கறது இல்லன்னு ஆயிடுமா?"

எக்ஸ்ரே அறைக் கதவு திறந்து ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். சட்டையைப் பிடித்த கை நழுவியது. சார் மூடிய கதவைப் பார்த்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க கேளுங்கம்மா. என்னால முடியாது," என்றார்.

நான் அந்த சூப்பர்வைசரின் மேஜைக்குப் போய், அந்த நேரத்தில் ஆன்ட்டியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர் யார் என்று கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை. வேலைக்குச் சேர்ந்து சில வாரமே ஆன ஒரு பெண்ணின் பெயரை உடனே சொன்னார்.